இழுவை வண்டிக்கு எந்தக் கேம்? ஒரு 5.3 இன்ஜினைத் திரும்பக் கட்டிய அனுபவம்

வண்டி 2004 செவர்லே சில்வராடோ 1500, ஃபோர் வீல் டிரைவ். உள்ளே இருப்பது எல்எம்7 என்ற 5.3 லிட்டர் வி8. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதன் மேல் வால்வுகள் இருக்கும் ஹெட் அலுமினியம். 1999 முதல் 2007 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் டிரக்குகளிலும் எஸ்யூவிகளிலும் பூட்டிய இன்ஜின் என்பதால், அமெரிக்காவில் உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்லை. என்னுடையது இரண்டு லட்சம் மைலைத் தாண்டிய பிறகுதான் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பக்க ஹெட்டிலிருந்து டிக் டிக் என்ற சத்தம். சூடானதும் ஆயில் பிரஷர் முன்பைவிடக் கீழே இறங்கியது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் காகித மடிப்புகளுக்கு நடுவே இரும்புப் பொடி.

கேம் என்பது மேடுகள் உள்ள சுழலும் தண்டு. மேடு லிஃப்டரைத் தூக்க, லிஃப்டர் புஷ் ராடு என்ற கம்பியையும், அது ராக்கர் என்ற நெம்புகோலையும் தள்ளி வால்வைத் திறக்கும். ஹெட்டைக் கழற்றி லிஃப்டர்களை வெளியே எடுத்ததும் காரணம் கையில் கிடைத்தது. ஒரு லிஃப்டரின் உருளைக்குள் இருக்கும் ஊசி பேரிங் தேய்ந்து, உருளை இப்படியும் அப்படியும் ஆடியது. அது ஓடிய கேம் மேட்டில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் குழிகள். அந்தப் பொடியெல்லாம் ஆயிலோடு சுற்றி வந்திருப்பதால் கேமையும் லிஃப்டரையும் மட்டும் மாற்றிவிட்டு மூடுவதில் அர்த்தமில்லை. பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுத்து ஹோனிங், புது ரிங், புது பேரிங், புது கேம் பேரிங் என்று முழு ஓவர்ஹால் செய்ய முடிவெடுத்தேன். பிஸ்டன்கள் நல்ல நிலையில் இருந்ததால் பழையவையே உள்ளே போயின. கம்ப்ரஷன் விகிதமும் பழைய 9.5தான்.

ஆக, கேம் எப்படியும் வாங்கியாக வேண்டும். கம்பெனி கேமையே திரும்பப் போடுவதா, இல்லை வெளிச்சந்தையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதா? இந்த இன்ஜினுக்கு மட்டும் காம்ப் கேம்ஸ், டெக்ஸஸ் ஸ்பீட், பிரையன் டூலி ரேசிங், சம்மிட் என்று ஆளாளுக்கு வரிசையாக கேம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களைப் பார்த்தாலே தலை சுற்றும்.

அக்கா மகன் பக்கத்து ஊரில் இருக்கிறான், அவனும் ஒரு சில்வராடோ வைத்திருக்கிறான். இன்ஜின் ஸ்டாண்டில் ஏறிய அன்றே வந்துவிட்டான். “மாமா, 228 போடுங்க மாமா. சிக்னல்ல நிக்கும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டாலே ஆள் திரும்பிப் பார்ப்பான்” என்றான். (228 என்பது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைச் சொல்லும் எண். எண் பெரிதானால் கேமும் பெரிது.) “மாப்ளே, பின்னாடி டிராக்டரைக் கட்டிக்கிட்டு மேட்டுல ஏறும்போது யாரு திரும்பிப் பாப்பா?” என்று கேட்டேன். அவன் சொன்ன கேம் மோசமானதில்லை. வேறு ஒரு வண்டிக்கு அது அருமையான கேம். கேமைப் பொறுத்தவரை நல்லது கெட்டது என்று தனியாக எதுவும் கிடையாது. எந்த வண்டி, எவ்வளவு எடை, எந்த கியர், எந்த டயர், எந்த ஆர்பிஎம்மில் வேலை என்பதைச் சொன்னால்தான் எந்த கேம் என்று சொல்ல முடியும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற மாதிரி வண்டியை மாற்ற அலைகிறார்கள்.

அதனால் நான் முதலில் எடுத்தது பட்டியலை அல்ல, கால்குலேட்டரை. மைல் கணக்கில் வேகத்தை 336ஆல் பெருக்கி, பின் அச்சின் கியர் விகிதத்தாலும் கியர் பாக்ஸ் விகிதத்தாலும் பெருக்கி, டயரின் உயரத்தை அங்குலத்தில் வைத்து வகுத்தால் இன்ஜின் ஆர்பிஎம் வந்துவிடும். என் வண்டியில் பின் அச்சு 3.73. டயர் 265/75ஆர்16, உயரம் ஏறக்குறைய 31.6 அங்குலம். கியர் பாக்ஸ் 4எல்60ஈ. அதன் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. வெறும் வண்டியாக 70 மைலில் ஓவர்டிரைவில் போனால் 1,950 ஆர்பிஎம்தான் வருகிறது. டிரெய்லரும் சின்ன டிராக்டருமாகச் சேர்த்து ஏறக்குறைய 5,000 பவுண்டு பின்னால் இருக்கும்போது ஓவர்டிரைவை அணைத்துவிட்டு மூன்றாவது கியரில் 65இல் போவேன். அது 2,580. ஹியூஸ்டனிலிருந்து 290 நெடுஞ்சாலையில் ஆஸ்டினைத் தாண்டி ஹில் கன்ட்ரி மேடுகள் ஆரம்பித்ததும் இரண்டாவது கியருக்கு இறங்கும். 60 மைலில் 3,880.

இதோடு பாதி முடிவு வந்துவிட்டது. இந்த வண்டிக்கு 1,900க்கும் 3,900க்கும் நடுவில்தான் பலம் வேண்டும். 6,500 ஆர்பிஎம்மில் எத்தனை குதிரைத்திறன் என்ற எண் எனக்கு எதற்கும் உதவாது. அந்த ஆர்பிஎம்முக்கு என் வண்டி வருஷத்தில் ஒரு தடவைகூடப் போகாது.

அப்புறம்தான் கேம் கார்டுகளைப் பரப்பினேன். கேமில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு மேடு இருக்கிறது, அதைத்தான் லோப் என்கிறார்கள். லிஃப்டர் 0.050 அங்குலம் ஏறியதிலிருந்து, திரும்ப அதே 0.050க்கு இறங்கும்வரை கிராங்க் எத்தனை டிகிரி சுற்றுகிறது என்பது டியூரேஷன். கம்பெனி எல்எம்7 கேமில் இது, காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கு 190, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 191. வால்வு திறக்கும் உயரம் (லிஃப்ட்) ஏறக்குறைய 0.46 அங்குலம். இன்டேக் லோபின் நடுவுக்கும் எக்ஸாஸ்ட் லோபின் நடுவுக்கும் உள்ள கோணம் 114 டிகிரி. இதை எல்எஸ்ஏ என்பார்கள். கார்டில் இன்னொரு டியூரேஷனும் பெரிய எழுத்தில் இருக்கும், 260, 270 என்று. அது லிஃப்டர் வெறும் 0.006 அங்குலமோ 0.004 அங்குலமோ ஏறியதிலிருந்து எண்ணியது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவிலிருந்து எண்ணுவதால் அதை வைத்து இரண்டு கேம்களை ஒப்பிடக் கூடாது. 0.050 எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

கடைசியில் என் மேஜையில் நான்கு கார்டுகள் மிஞ்சின. 206/212 (முதல் எண் இன்டேக் டியூரேஷன், இரண்டாவது எக்ஸாஸ்ட்), எல்எஸ்ஏ 112. அடுத்தது 212/218, அதே 112. மூன்றாவது அதே 212/218, ஆனால் எல்எஸ்ஏ 108. நான்காவது மாப்பிள்ளை ஆசைப்பட்ட 228/232, 112.

இவற்றில் எனக்கு வேண்டிய இரண்டு விஷயங்களைக் கார்டிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஒன்று, இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது. இன்டேக் சென்டர்லைனோடு (பிஸ்டன் மேல்மட்டத்தைத் தாண்டி இன்டேக் லோபின் நடு வரும்வரை உள்ள டிகிரி) இன்டேக் டியூரேஷனில் பாதியைக் கூட்டி 180ஐக் கழித்தால், பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி எத்தனை டிகிரியில் மூடுகிறது என்று தெரியும். 206 கேமில் சென்டர்லைன் 108, எனவே 31 டிகிரி. 228 கேமில் சென்டர்லைன் 110, எனவே 44 டிகிரி. பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்த பிறகும் வால்வு திறந்திருந்தால், குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்ப இன்டேக் மேனிஃபோல்டுக்கே போய்விடும். அதிக ஆர்பிஎம்மில் காற்றின் வேகமே அதைத் தடுத்து இன்னும் கூடுதலாக உள்ளே தள்ளும். அங்கே லாபம், இங்கே நஷ்டம். 2,000 ஆர்பிஎம்மில் டிரெய்லரை இழுக்கிறவனுக்கு இந்த 13 டிகிரி பெரிய வித்தியாசம். கம்ப்ரஷன் 9.5தான் என்பதால் அதை ஈடுகட்டவும் வழியில்லை.

இரண்டாவது, ஓவர்லாப். எக்ஸாஸ்ட் மூடுவதற்குள் இன்டேக் திறந்து, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். இரண்டு டியூரேஷன்களின் சராசரியிலிருந்து எல்எஸ்ஏவை இரட்டித்துக் கழித்தால் கிடைக்கும். கம்பெனி கேமில் கழித்தல் 37.5. 206/212இல் கழித்தல் 15. 212/218, 112இல் கழித்தல் 9. அதே கேம் 108இல் கழித்தல் 1. 228/232இல் கூட்டல் 6. ஐட்லிங்கில் இன்ஜின் தடுக்கித் தடுக்கி ஓடும் அந்தச் சத்தம் வருவது இந்த ஓவர்லாப்பால்தான். எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி வந்து புதுக் காற்றோடு கலப்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு மாதிரி எரிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே காரணத்தால் ஐட்லிங்கில் வேக்குவம் குறையும். என் வண்டியில் பிரேக் பூஸ்டர் வேக்குவத்தில் ஓடுகிறது. டிரெய்லரோடு இறக்கத்தில் இறங்கும்போது பிரேக் மிதி இறுகுவதை நான் ஏற்க மாட்டேன்.

அந்த 108 எல்எஸ்ஏ கேமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிரக்குகளுக்கு இப்போது அதிகம் விற்பது இந்த வகைதான். டியூரேஷனைச் சின்னதாக வைத்து எல்எஸ்ஏவை நெருக்கினால், இன்டேக் சீக்கிரமே மூடும். கீழே டார்க்கும் கிடைக்கும், சத்தமும் கிடைக்கும். இதன் சென்டர்லைன் 106. கணக்குப் போட்டால் மூடுவது 32 டிகிரியில். 206 கேமுக்குக் கிட்டத்தட்ட சமம். புத்திசாலித்தனமான வடிவமைப்பு, மறுக்கவில்லை. எடை இழுக்காமல் தினமும் ஓட்டும் டிரக்குக்கு நானே இதைச் சொல்வேன். எனக்கு வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் ஐட்லிங்கும், குறைந்த திராட்டிலில் நிதானமாகப் போகும்போது ஓட்டம் சீராக இருக்குமா என்ற கேள்வியும்தான். நெடுஞ்சாலையில் 1,950 ஆர்பிஎம்மில் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பகுதி) லாக் ஆகி, திராட்டில் லேசாகத் திறந்திருக்கும் நிலையில்தான் என் வண்டி பெரும்பாலான மைல்களை ஓடுகிறது. அங்கே எனக்கு ஒரு சின்ன உதறல்கூட வேண்டாம்.

212/218, 112 கேமைத்தான் உண்மையில் ரொம்ப நேரம் யோசித்தேன். அந்த கேம் கன்வர்ட்டரை மாற்றாமலேயே ஓடும். 3,500க்கு மேலே 206ஐ விட நன்றாக இழுக்கும். ஆனால் 2,000இல் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நான் கட்டிய ஆர்பிஎம் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். மேட்டில் ஏறும் சில நிமிடங்களுக்காக, மீதி மணிக்கணக்கான ஓட்டத்தில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 206/212, லிஃப்ட் 0.525, எல்எஸ்ஏ 112, நான்கு டிகிரி அட்வான்ஸ் (சென்டர்லைன் எல்எஸ்ஏவைவிட நான்கு குறைவு). இதையே எடுத்தேன். எக்ஸாஸ்ட் ஆறு டிகிரி நீளமாக இருப்பதும் இந்த வண்டிக்குச் சரி. கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் மாற்றப் போவதில்லை. புகை வெளியேறும் வழி இறுக்கமாக இருப்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுப்பது உதவும்.

கேம் என்பது கல்யாணப் பெண் மாதிரி, தனியாக வருவதில்லை, கூடவே சொந்தபந்தமும் வரும். 228 எடுத்திருந்தால் முதலில் டார்க் கன்வர்ட்டரை மாற்றியிருக்க வேண்டும். 3,000 ஆர்பிஎம் பக்கம் ஸ்டால் ஆகும் ஒன்று, அதாவது பிரேக்கில் வண்டி நிற்கும்போதே இன்ஜினை அதுவரை சுற்றவிடும் ஒன்று. அது லாக் ஆகும்வரை வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்கல் முழுக்கச் சூடாக மாறும். 4எல்60ஈ கியர் பாக்ஸுக்குச் சூடுதான் முதல் எதிரி, அதுவும் பின்னால் எடை இருக்கும்போது. பிறகு இரட்டை ஸ்ப்ரிங், கெட்டியான புஷ் ராடு, அச்சில் 4.10 கியர். அத்தனையையும் செய்தால் அருமையாக ஓடும், இழுவை வண்டியாக மட்டும் இருக்காது.

என் 206க்கு 0.525 லிஃப்ட் என்பதால் எல்எஸ்6 ஸ்ப்ரிங்கே போதும். தேன்கூடு மாதிரி மேலே குறுகிய ஒற்றை ஸ்ப்ரிங். கார்வெட் இசட்06இல் வந்தது. 0.550வரை தாராளமாகத் தாங்கும் என்று இந்த இன்ஜின்களைக் கட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வால்வு மூடியிருக்கும்போது ஸ்ப்ரிங்கின் உயரம் 1.800 அங்குலம். 0.525 திறந்தால் 1.275. அந்த உயரத்திலும் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் குறைந்தது 0.060 அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும். மெஷின் ஷாப் பெரியவர் ஸ்ப்ரிங் டெஸ்டரில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, அழுத்தத்தையும் எழுதி ஒட்டிக் கொடுத்தார். கேமுக்கு மாத்திரம் செலவழித்துவிட்டு இரண்டு லட்சம் மைல் ஓடிய பழைய ஸ்ப்ரிங்கையே போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தளர்ந்த ஸ்ப்ரிங்கில் லிஃப்டர் லோபை விட்டுக் குதிக்கும். புது கேமும் கொஞ்ச நாளில் பழைய கேம் மாதிரி ஆகிவிடும்.

வாங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய இன்னொன்று, கேம் உங்கள் தலைமுறை இன்ஜினுக்குப் பொருந்துமா என்பது. என்னுடையது ஜென் 3. கேம் சென்சார் பிளாக்கின் பின்பக்கம் இருக்கிறது, அதனால் கேமின் வாலில் அதற்கான வளையம் இருக்க வேண்டும். முன்பக்கம் ஸ்ப்ராக்கெட் மூன்று போல்ட்டில் நிற்கும். ஜென் 4 இன்ஜின்களில் சென்சார் முன்பக்கம் வந்துவிட்டது. அவற்றில் சில இன்ஜின்களில் ஓடும்போது நான்கு சிலிண்டரை அணைக்கும் ஏஎஃப்எம் அமைப்பு உண்டு, சிலவற்றில் வால்வு டைமிங்கை மாற்றும் விவிடி உண்டு. அதில் ஒரே போல்ட். ஏஎஃப்எம் இன்ஜினில் சாதாரண கேமைப் போடுவதானால் அதன் லிஃப்டர்களையும் மாற்றி, கம்ப்யூட்டரிலும் அந்த அமைப்பை அணைக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அந்த வால் வளையத்தைத்தான்.

இனி பொருத்திய கதை. கேமை உள்ளே விடும்போது பேரிங் கீறாமல் இருக்க, முன்பக்கம் மூன்று நீள போல்ட்டுகளை முறுக்கிக் கைப்பிடியாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஜர்னலிலும் அசெம்ப்ளி லூப் தடவி, சுழற்றிச் சுழற்றி மெதுவாகத் தள்ள வேண்டும். இன்ஜின் ஸ்டாண்டில் முன்பக்கம் மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தினால் கேம் தன் எடையிலேயே இறங்கும். ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகள் 26 பவுண்டு-அடி. டைமிங் செயினும் ஆயில் பம்பும் புதிது. பம்பின் உறிஞ்சு குழாயில் இருக்கும் ஓ-ரிங்கை ஆயில் தடவி, நசுங்காமல் நேராக உட்கார வைக்க வேண்டும். இந்த இன்ஜினில் ஓவர்ஹாலுக்குப் பிறகு ஆயில் பிரஷர் வரவில்லை என்றால் பத்தில் பாதி அந்தச் சின்ன வளையத்தின் வேலை.

புள்ளிக்குப் புள்ளி வைத்துச் செயினை மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் போதும். ஆனால் கேமை அரைத்ததிலோ, ஸ்ப்ராக்கெட் துளையிலோ, கிராங்க் சாவிக் காடியிலோ சின்னச் சின்ன விலகல்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் நான்கைந்து டிகிரி தள்ளிப்போகும். இவ்வளவு கணக்குப் போட்டு வாங்கிய கேமை அப்படியே நம்பி மூட எனக்கு மனமில்லை. டிகிரி வீலைக் கிராங்கில் மாட்டினேன். முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பைக் குறுக்கே வைத்து, கிராங்கை ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றி எண்ணைக் குறித்து, மறுபக்கம் முட்டும்வரை சுற்றிக் குறித்தேன். இரண்டுக்கும் நடுதான் உண்மையான மேல்மட்டம். கண்ணால் பார்த்துப் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. உச்சியில் பல டிகிரிக்குப் பிஸ்டன் நகர்வதே தெரியாது.

பிறகு டயல் கேஜின் முள்ளை இன்டேக் லிஃப்டர் மீது வைத்தேன். 206 டியூரேஷன், 108 சென்டர்லைன் என்றால் 0.050 ஏற்றத்தில் இன்டேக் திறக்க வேண்டியது மேல்மட்டத்தைத் தாண்டி 5 டிகிரியில், மூட வேண்டியது அடிமட்டத்தைத் தாண்டி 31இல். எனக்கு வந்தது 6, 32. சென்டர்லைன் 109. கார்டைவிட ஒரு டிகிரி பின்தங்கி நிற்கிறது. டியூரேஷன் சரியாக 206. ஒரு டிகிரிக்காகச் செயின் ஸ்ப்ராக்கெட்டை மாற்ற வேண்டியதில்லை. முள் லோபின் முதுகில் ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, கார்டில் இருந்த எண்கள் இரும்பாக மாறி நிற்பது தெரிந்தது. எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடம் இதுதான். லோபின் உச்சி ஏற்றம் 0.309 அங்குலம். ராக்கர் விகிதம் 1.7. பெருக்கினால் 0.525. சொன்னதைக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. எல்எம்7 பிஸ்டனின் தலை குழிவாக இருப்பதாலும் கேம் சின்னது என்பதாலும் பயமில்லை என்று தெரியும். இருந்தாலும் அளந்தேன். வால்வில் பென்சில் ஸ்ப்ரிங் மாதிரி மெல்லிய சோதனை ஸ்ப்ரிங்கைப் போட்டு, எக்ஸாஸ்டை மேல்மட்டத்துக்கு 10 டிகிரி முன்னாலும், இன்டேக்கை 10 டிகிரி பின்னாலும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். இன்டேக்குக்கு 0.080, எக்ஸாஸ்டுக்கு 0.100 குறைந்தபட்சம். இரண்டிலும் தாராளமாக இடம் இருந்தது. ஒரிஜினல் ஸ்ப்ரிங்கை வைத்து இதைப் பார்த்தால் லிஃப்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் அமுங்கி, இல்லாத இடைவெளியைக் காட்டும்.

புஷ் ராடுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. கேமை அரைக்கும்போது உயரத்தைக் கூட்ட, லோபில் மேடு இல்லாத வட்டப் பகுதியான அடிவட்டத்தைச் சின்னதாக்குவார்கள். அதனால் லிஃப்டர் முன்பைவிடக் கீழே உட்காரும். ஹெட்டைத் தேய்த்தாலும், கேஸ்கெட் தடிமன் மாறினாலும் இந்தக் கணக்கு மாறும். நீளம் மாற்றக்கூடிய சோதனை புஷ் ராடு ஒன்று கிடைக்கும். லிஃப்டர் அடிவட்டத்தில் இருக்கும்போது ராக்கரை 22 பவுண்டு-அடிக்கு முறுக்கி, ஆட்டமும் இல்லாமல் அழுத்தமும் இல்லாமல் நிற்கும்வரை அந்த ராடை நீட்டினேன். 7.340 அங்குலம். நான் வாங்கிய லிஃப்டருக்கு 0.050 முதல் 0.080வரை பிரீலோடு, அதாவது உள்ளே பிளஞ்சர் முன்கூட்டியே அமுங்கியிருக்கும் அளவு, வேண்டும். 7.400 நீள ராடு போட்டால் 0.060. கம்பெனி நீளமே ஏறக்குறைய இதுதான். ஆனால் அளந்து பார்த்துவிட்டு அதையே போடுவது வேறு, அளக்காமல் போடுவது வேறு. பிரீலோடு குறைந்தால் தையல் மெஷின் சத்தம் வரும், கூடினால் வால்வு முழுசாக மூடாது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஃபியூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றினேன். ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக்கைப் போட்டேன். பழைய 350 இன்ஜின்களில் தட்டை லிஃப்டர் என்றால் துத்தநாகம் சேர்த்த ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 2,000 ஆர்பிஎம்முக்கு மேலே 20 நிமிடம் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் புது கேம் அன்றே தேய்ந்துவிடும். இதில் உருளை லிஃப்டர் என்பதால் அந்தச் சடங்கு தேவையில்லை. ரிங் உட்காரத்தான் ஏற்ற இறக்கமாக லோடு கொடுத்து ஓட்ட வேண்டும்.

கம்பெனி டியூனிலேயே ஸ்டார்ட் ஆகி நின்றது. ஐட்லிங் மட்டும் கொஞ்சம் அலைந்தது. இன்ஜின் கம்ப்யூட்டரைத் திருத்தும் ஹெச்பி டியூனர்ஸ் மென்பொருளை வைத்து வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஐட்லிங் காற்றளவு, விஇ அட்டவணை (சிலிண்டரில் எவ்வளவு காற்று நிரம்புகிறது என்ற கணக்கு), மேஃப் என்ற காற்றோட்ட சென்சாரின் அளவீடு மூன்றையும் திருத்தி, லோடில் இக்னிஷனைக் கொஞ்சம் பின்வாங்கி வைத்தார். டெக்ஸஸ் வெயிலில் 87 ஆக்டேன் போட்டு எடை இழுக்கும்போது நாக்கிங் வரக் கூடாது என்பதுதான் நான் அவரிடம் வைத்த ஒரே நிபந்தனை. இப்போது ஐட்லிங்கில் வேக்குவம் 18 அங்குலம் நிற்கிறது. பிரேக் மிதியில் எந்த மாற்றமும் இல்லை.

டெக்ஸஸில் தனியார் வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். ஆனால் நான் இருக்கும் ஹாரிஸ் கவுன்டி உட்படச் சில கவுன்டிகளில் புகைச் சோதனை அப்படியே இருக்கிறது. ஓபிடி முனையில் செருகி கம்ப்யூட்டர் சொல்வதைப் படிப்பார்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சார்களும் இடத்தில் இருக்க வேண்டும், கம்ப்யூட்டரின் சுயசோதனைகளான மானிட்டர்கள் தயாராக இருக்க வேண்டும். பெரிய ஓவர்லாப் கேம்களில் ஐட்லிங் உதறலைக் கம்ப்யூட்டர் மிஸ்ஃபயர் என்று எடுத்துக்கொண்டு பி0300 என்று விளக்கைப் போட்டுவிடும். என்னுடையது ஒரு விளக்கும் இல்லாமல் தேறியது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த மாநிலக் காற்று வாரியமான கார்ப் அனுமதித்ததைக் காட்டும் இஓ எண் உள்ள கேமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சாலையில் வித்தியாசம் தெரிகிறதா? தெரிகிறது. வெறும் வண்டியாக ஓட்டினால் கம்பெனி இன்ஜின் மாதிரியே இருக்கிறது, சத்தமும் ஏறக்குறைய அதே. எடையைக் கட்டினால்தான் விஷயம் புரியும். ஜான்சன் சிட்டிக்கு முந்தைய மேடுகளில் முன்பு மூன்றாவதில் திணறி இரண்டாவதுக்கு விழும் இடங்களில், இப்போது மூன்றாவதிலேயே 2,600 பக்கம் நின்று ஏறிவிடுகிறது. இரண்டாவதுக்கு இறங்கினாலும் 3,500க்கு மேலே முன்பு இருந்த மூச்சிரைப்பு இல்லை. புது ரிங்கும் வால்வு வேலையும் இதில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் கேம் கணக்கிலேயே எழுத மாட்டேன்.

மாப்பிள்ளை இப்போது தன் இன்ஜினைப் பிரித்திருக்கிறான். அவனுடையதும் 5.3, ஆனால் டூ வீல் டிரைவ், சின்ன கேபின், எதையும் இழுப்பதில்லை. பின்னால் 4.10 போட்டுவிட்டான். 235/75ஆர்16 டயரில் 70 மைலுக்கு 2,250 ஆர்பிஎம் வருகிறது. அவனையே கணக்குப் போட வைத்தேன். 220 பக்கம் ஒரு கேம், 2,800 ஸ்டால் கன்வர்ட்டர், அதற்கேற்ற ஸ்ப்ரிங் என்று முடிவுக்கு வந்திருக்கிறான். கன்வர்ட்டரை முதலில் வாங்கிவிட்டு, கேமை அப்புறம் ஆர்டர் செய் என்று சொல்லியிருக்கிறேன்.